நிறுத்தி வைத்த வண்டியும் கூரை மேல் வெயிலும்

ஏப்ரல் 24 அல்லது 25-ஆம் தேதி, மதியம் 12.17 மணியை ஒட்டி, பெங்களூரில் நட்டுவைத்த குச்சிக்கு நிழல் விழாது. கோரமங்கலாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் முதல் பள்ளிக்கூட மைதானங்கள் வரை, குழாய்த் துண்டு, டம்ளர், பாட்டில் என்று கைக்குக் கிடைத்ததை நிற்க வைத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி அடியோடு மறையும். ஆகஸ்ட் 18 வாக்கில் இதே காட்சி இன்னொரு முறை. நகரம் இருப்பது ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் என்பதால் வரும் கொடுப்பினை இது.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளைவிட உன்னிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒரு கூட்டம் நகரத்தில் உருவாகியிருக்கிறது. டெம்போ டிராவலரை வீடாக மாற்றியவர்கள், ஜீப்பின் தலையில் கூடாரம் கட்டியவர்கள், கேரவன் வாடகைக்கு விடுபவர்கள். வெள்ளிக்கிழமை இரவு சக்லேஷ்பூருக்கோ சிக்கமகளூருக்கோ கிளம்பி, ஞாயிறு இரவு திரும்பி, அடுத்த பயணம் வரை வண்டியை ஓரங்கட்டுகிறவர்கள். அவர்கள் கூரையில் இப்போது சோலார் பேனல் ஏறிக்கொண்டிருக்கிறது. அது எதற்கு உதவுகிறது, எதற்கு உதவாது, எங்கே காசைக் கரியாக்குகிறது என்பதை எண்களோடு பார்த்தால்தான் தெளியும்.

ஓடாமலே சாகும் பேட்டரி

பேட்டரி அதிகம் உழைத்துச் சாவதைவிட, சும்மா இருந்து சாவதுதான் அதிகம். 2020-இல் இதை ஊரே பார்த்தது. மார்ச் 25 முதல் மே 3 வரை, முதல் இரண்டு கட்ட ஊரடங்கில் மொத்தம் 40 நாள். அடுக்குமாடிகளின் அடித்தளத்தில் நின்ற கார்களுக்கு மே மாதம் சாவி போட்டபோது ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் வந்தது. செல்ஃப் எடுக்கவில்லை. மெக்கானிக்குகள் ஸ்கூட்டரில் ஜம்ப் கேபிளைச் சுற்றி மாட்டிக்கொண்டு வீதி வீதியாகச் சுற்றிய காலம் அது.

காரணம் எளிது. சாவியை எடுத்த பிறகும் இன்றைய வண்டி தூங்குவதில்லை. அலாரம், கடிகாரம், ரிமோட் பூட்டுக்குக் காது கொடுக்கும் பெட்டி, கணினி நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி. 40 நாளில் 28.8. சின்ன காரின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-மணிதான். மிச்சம் இருப்பது என்ஜினைச் சுற்றப் போதாது. ஜி.பி.எஸ். கருவி, டேஷ் கேமரா, வெளிக்கடையில் போட்ட மியூசிக் சிஸ்டம் ஏதாவது இருந்தால் இந்த நாள்கணக்கு இன்னும் சுருங்கும்.

காலியாவதைவிடக் காலியாகவே கிடப்பது மோசம். ஈய-அமில பேட்டரியில் சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் அந்தப் படிவு இறுகிப் பெரிய படிகமாகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது முழுதாகக் கரையாது, கொள்ளளவும் திரும்பாது. ‘பேட்டரி உட்கார்ந்துடுச்சு’ என்று மெக்கானிக் சொல்வதன் வேதியியல் இதுதான். சூடு இந்தக் கேட்டை வேகப்படுத்தும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் பேட்டரி தானாகக் கசியும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது.

கேரவனில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. அதில் என்ஜினைக் கிளப்ப ஒரு பேட்டரி. விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டாருக்கு இன்னொன்று. இரண்டாவதை ‘வீட்டு பேட்டரி’ என்கிறார்கள். முதலாவது ஒரே மூச்சில் பெரிய மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கும் ஜாதி. இரண்டாவது இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து ஆழமாக இறங்கும் ஜாதி. ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுத்தால் சீக்கிரம் படுத்துவிடும்.

குண்டலுப்பேட்டையில் ஒரு ராத்திரி

பெங்களூரிலிருந்து மைசூர் வழியாக ஊட்டி போகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறக்கும். தாமதமாகிவிட்டால் குண்டலுப்பேட்டை பக்கம் எங்காவது ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிட்டு ஒன்பது மணி நேரம் கிடக்க வேண்டியதுதான். கேரவனுக்கு இதைவிட நல்ல தேர்வுத்தாள் கிடையாது.

12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 50 வாட். விட்டுவிட்டு ஓடுவதால் சராசரி 20 வாட், ஒன்பது மணி நேரத்துக்கு 180 வாட்-மணி. 25 வாட் விசிறி ராத்திரி முழுக்க ஓடினால் 225. பத்து வாட் எல்.இ.டி. மூன்று மணி நேரம், 30. இரண்டு செல்போன், இன்னொரு 30. மொத்தம் 465 வாட்-மணி. பன்னிரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 39 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது பழகியவர்கள் வைத்திருக்கும் எல்லை. ஆக ராத்திரி தேறிவிடும். அடுத்த ராத்திரி தேறாது, நடுவில் யாராவது அந்த 39-ஐத் திருப்பிக் கொடுத்தால் ஒழிய.

யார் கொடுப்பது? மலையேறி ஊட்டியில் போய் நிற்கும்வரை, என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் கொஞ்சம் கொடுக்கும். நின்ற பிறகு கூரைதான் கதி. 100 வாட் பேனல் ஒன்று, நல்ல வெயிலில், சூடும் தூசியும் போக 75 வாட் கொடுக்கிறது என்று கொண்டால், முழுவெயிலுக்குச் சமமான ஐந்து மணி நேரத்தில் 375 வாட்-மணி. கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. 200 வாட்டானால் 750, தாராளம். ஆனால் இதே கூரையை நம்பி ஏ.சி. போட நினைத்தால் நடக்காது. ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் அளவுக்கு, அதாவது 1,000 வாட்-மணியை விழுங்கும். இண்டக்‌ஷன் அடுப்பு அதற்கு அண்ணன். நல்ல பேனல் ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட் சொச்சம்தான் தருகிறது. டிராவலர் கூரையில் காற்றுப்போக்கி, ஏ.சி. பெட்டி, லக்கேஜ் கேரியர் போக மிஞ்சும் இடத்தை டேப் வைத்து அளந்தாலே ஆசை அடங்கிவிடும்.

தலைகீழாகவும் இதைப் பார்க்கலாம். நின்றிருக்கும் வண்டியின் தேவை நாளுக்கு ஓர் ஆம்பியர்-மணிக்கும் குறைவு. 10 வாட் பேனல், பெரிய நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும், அது நாளுக்கு 2.5 ஆம்பியர்-மணி தருகிறது. ஆளைச் சுமக்க முடியாத கூரை வெயில், ஆள் இல்லாத வண்டியைத் தாராளமாகக் காப்பாற்றும். கேரவன் விளம்பரங்கள் பெரிதாகப் பேசுவது முதல் வேலையைப் பற்றி. பேனல் தவறாமல் செய்வது இரண்டாவது வேலையை.

படுத்த பேனலும் சாய்ந்த பேனலும்

வீட்டு மாடியில் பேனலைச் சாய்த்து வைக்கிறார்களே, வண்டிக் கூரையில் படுக்க வைத்தால் மின்சாரம் போய்விடாதா? லண்டனில் போகும். அங்கே டிசம்பர் 21 மதியம் சூரியன் தொடுவானத்திலிருந்து 15 டிகிரிதான் எழும்புகிறது. படுத்துக் கிடக்கும் பேனலுக்கு நேர்வெயிலில் கால்பங்குதான் சேரும். பெங்களூரில் அதே நாள் மதியம் சூரியன் 53 டிகிரிக்கு மேல் நிற்கிறது; படுத்த பேனலும் ஐந்தில் நான்கு பங்கை வாங்கிக்கொள்ளும். நிழலில்லா நாட்களை ஒட்டி முழுப் பங்கும் கிடைக்கும். வெளிநாட்டு கேரவன்காரர்கள் பேனலைத் தூக்கி நிறுத்தும் கால்களுக்குச் செலவழிப்பதை இங்கே காப்பியடிக்கத் தேவையில்லை.

இங்கே எதிரி சூடு. பேனலின் பின்பக்கத்தில் அச்சிட்ட 100 வாட் என்பது, அதன் உடம்பு 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. ஏப்ரல் மதியத்தில் தகரக் கூரையோடு ஒட்டிக் கிடக்கும் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். டிகிரிக்கு 0.35 சதவீதம் என்ற வழக்கமான வீதத்தில் 13 சதவீதம் அங்கேயே ஆவியாகிறது. கூரைக்கும் பேனலுக்கும் நடுவே விரல்கடை இடைவெளி விட்டால் காற்று ஓடிக் கொஞ்சம் மீட்கலாம். வளையும் ரகப் பேனல்களைக் கூரையோடு பசை போட்டு ஒட்டுவது பார்க்க அழகு, எடையும் குறைவு; ஆனால் சூடு போக வழியில்லாததால் அவை சீக்கிரம் மூப்படைகின்றன.

இரண்டாவது எதிரி, பெங்களூர் பெருமைப்படும் அதே மரங்கள். தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்தடி வண்டிக்குக் குளுமை, பேனலுக்குப் பட்டினி. கொஞ்சம் நிழல்தானே என்று விடவும் முடியாது. ‘12 வோல்ட்’ பேனலில் 36 செல்கள் சங்கிலிபோலத் தொடராகக் கோத்திருக்கும். ஒரு செல்லை இலையோ, ஜனவரி முதல் மார்ச் வரை நகரமெங்கும் கொட்டும் தபேபுயா பூவோ முழுதாக மூடினால், பைபாஸ் டயோடு அந்தப் பாதிச் சங்கிலியை விலக்கிவிட்டு மீதி 18 செல்களை ஓட விடும். அவை தருவது 9 வோல்ட். அதை வைத்து 12 வோல்ட் பேட்டரிக்குள் ஒரு துளிகூடத் தள்ள முடியாது. உள்ளங்கை அளவு நிழல் முழுப் பேனலையும் படுக்க வைக்கும் விந்தை இதுதான். நிழல் விழும் கூரையில் இரண்டு பேனல் வைப்பவர்கள் அவற்றை இணையாகக் கோப்பது இதனால்தான். ஒன்று படுத்தாலும் மற்றது வேலை செய்யும்.

சிக்கமகளூர், குடகு காபித் தோட்டங்களில் கேரவனை நிறுத்துவதிலும் இதே முரண்தான். காபி என்பதே நிழலில் வளரும் பயிர். சில்வர் ஓக் வரிசையின் நடுவே நிற்கும் வண்டிக்குக் காலையிலும் மாலையிலும் வெயில் சல்லடையில் சலித்துத்தான் வந்து சேரும். கோகர்ணா கடற்கரையில் நிற்கும் அதே வண்டி மதியத்துக்கு முன்பே பேட்டரியை நிரப்பிவிடும். அடுக்குமாடியின் அடித்தளத்தில் கார் நிறுத்துபவருக்கோ எந்தப் பேனலும் உதவாது. அவர் சுவர் பிளக்கில் மாட்டும் சின்ன ட்ரிக்கிள் சார்ஜரை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கடைத்தெருவில்

பெங்களூரில் இந்த வேலைக்கு இரண்டு தெருக்கள். எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு எஸ்.பி. ரோடு, வண்டிச் சாமான்களுக்கு ஜே.சி. ரோடு. இரண்டிலும் கன்னடம், தமிழ், உருது, இந்தி நான்கும் ஒரே வாக்கியத்தில் புழங்கும்.

பழகிய ஃபிட்டர் பேனலைப் பார்ப்பதற்கு முன் பேட்டரியைப் பார்ப்பார். மல்டிமீட்டரின் சிவப்பு முள் பிளஸ்ஸில், கறுப்பு முள் மைனஸில். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற பேட்டரி 12.7 காட்டினால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்கு வந்துவிட்டால் ஆபத்து. முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். பிறகுதான் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டியை, சார்ஜ் கன்ட்ரோலரை, எடுப்பார். “சார், முதல்ல பேட்டரி வயர், அப்புறந்தான் பேனல் வயர். கழட்டுறப்ப பேனல்தான் முதல்ல. மாத்திப் பண்ணா பெட்டி போயிடும்.” கன்ட்ரோலர் தன்னைச் சுற்றி இருப்பது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைப் பேட்டரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. பேட்டரி இல்லாமல் பேனலின் 21 வோல்ட் முதலில் வந்து மோதினால் அது குழம்பிப்போகும்.

கன்ட்ரோலர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெயிலுக்கு நிறுத்தத் தெரியாது என்பதே பதில். பேட்டரி நிறைந்த பிறகும் பேனல் தள்ளிக்கொண்டே இருந்தால் தண்ணீர் கொதித்து வற்றும். மூடிய ரகப் பேட்டரியாக இருந்தால் வயிறு உப்பும். கன்ட்ரோலர் முதலில் 14.4 வோல்ட்வரை ஏற்றி நிரப்பும், பிறகு 13.6 வாக்கில் இறக்கி, கசிவதை மட்டும் ஈடுகட்டும். இரவில் மின்சாரம் பேட்டரியிலிருந்து பேனலுக்குத் திரும்பி ஓடாமலும் பார்த்துக்கொள்ளும். ஐந்து வாட் பொம்மைப் பேனலுக்கு அது இல்லாமல் சமாளிக்கலாம், டயோடு ஒன்று போதும். பத்தைத் தாண்டினால் கட்டாயம்.

பெட்டியில் இரண்டு ஜாதி. பி.டபிள்யூ.எம். மலிவு, பேனலைப் பேட்டரியின் வோல்ட்டேஜுக்கு இழுத்துவிடும். 36 செல் பேனலுக்கு அது போதும். எம்.பி.பி.டி. விலை அதிகம்; கூடுதல் வோல்ட்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும். வீட்டு மாடிக்கென்று வரும் 540 வாட் பேனல் வாட்டுக்கு விலை குறைவு என்று அதை டிராவலர் தலையில் ஏற்றுபவர்களுக்கு எம்.பி.பி.டி. தவிர வேறு வழி கிடையாது. அந்தப் பேனல் 40 வோல்ட்டுக்கு மேல் தருவது. பி.டபிள்யூ.எம். மாட்டினால் பாதிக்கு மேல் வீணாகும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகான வண்டிகளில் இன்னொரு சூட்சுமம். பலவற்றில் எரிபொருளை மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும்; வீட்டு பேட்டரி அரை வயிற்றோடு நிற்கும். அதற்கு இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவில், வோல்ட்டேஜை ஏற்றித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருந்தால், பேனலின் மைனஸ் வயரை அந்த முனையில் சொருகாமல் சேஸியில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வந்த சார்ஜ் வண்டியின் கணக்கில் ஏறாது.

லித்தியம் வந்த பிறகு

கேரவன் கட்டுபவர்கள் இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு நகர்கிறார்கள். எடை பாதிக்கும் குறைவு, கொள்ளளவில் பெரும்பங்கைப் பயன்படுத்தலாம், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். பராமரிப்பு இலக்கணம் மட்டும் தலைகீழ். ஈய-அமிலம் எப்போதும் நிறைந்திருக்க ஆசைப்படும். லித்தியமோ நீண்ட நாள் நிற்கும்போது பாதி வயிற்றோடு இருப்பதையே விரும்பும். தானாகக் கசிவதும் மிகக் குறைவு. பழைய பேட்டரிக்குச் செட் செய்த கன்ட்ரோலரை அப்படியே லித்தியத்தில் மாட்டி, மாதக்கணக்கில் நூறு சதவீதத்திலேயே பிடித்து வைப்பது அதற்கு நல்லதல்ல.

பெங்களூரிலிருந்து லடாக்குக்கும் ஸ்பிதிக்கும் கிளம்புபவர்களுக்கு இன்னொரு கண்டிப்பு. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரக் கேடு விளையும். லேயின் காலை வெயில் பேனலைப் பிரமாதமாக எழுப்பும்; கீழே பேட்டரி இன்னும் உறைந்திருக்கும். குளிரில் சார்ஜைத் தடுக்கும் பாதுகாப்புப் பலகையோ, பேட்டரிக்கு ஹீட்டரோ உள்ள ரகம்தான் அந்தப் பாதைக்கு ஏற்றது.

பழைய முன்னோடிகள்

பேனல், பேட்டரி, நடுவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி என்ற மூன்றும் பெங்களூருக்குப் புதிதல்ல. நகரத்தின் வடமேற்கே பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் யு.ஆர். ராவ் தலைமையில் கட்டிய ஆரியபட்டாவும் ஒரு வகையில் இதே அமைப்புதான். 26 முகம் கொண்ட அந்தச் செயற்கைக்கோளின் உச்சியும் அடியும் தவிர மற்ற முகங்களில் எல்லாம் சோலார் செல். 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்து கிளம்பியது. சில நாட்களிலேயே மின் விநியோகத்தில் கோளாறு வந்து அறிவியல் சோதனைகள் நின்றுபோயின. வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை. இடறியது மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் இடம்.

1995-இல் பெங்களூரில் தொடங்கிய செல்கோ, கர்நாடகக் கிராமங்களில் சின்னப் பேனலோடு வீட்டு விளக்குகளைப் பொருத்தியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஹரீஷ் ஹண்டேவுக்கு 2011-இல் மகசேசே விருது கிடைத்தது. இப்படிப் பல பத்தாண்டு பழகிய கைகள் இருப்பதால், கேரவன் வேலைக்கு இங்கே ஆள் தேட வேண்டியதில்லை.

ஓடும் கூரையிலும் சோதித்தாயிற்று. ரயில் பெட்டிக் கூரையில் பேனல் வைத்தால் விளக்கு, விசிறிக்கான டீசல் எவ்வளவு மிச்சமாகும் என்று இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2014-இல் கணக்கிட்டு எழுதினார்கள். 2017 ஜூலையில் டெல்லியில், பெட்டிக்கு 16 பேனல், ஒவ்வொன்றும் 300 வாட் என்று பொருத்திய டெமு ரயில் ஓடத் தொடங்கியது. பெட்டிகள் சென்னை ஐ.சி.எஃப்.-இல் உருவானவை. இழுப்பது டீசல் என்ஜின்தான்; கூரை பார்த்துக்கொண்டது விளக்கையும் விசிறியையும். அதே ஆண்டு ஜனவரியில் கேரளத்தின் வைக்கத்தில் 75 பேர் ஏறும் ‘ஆதித்யா’ படகு, 20 கிலோவாட் பேனல் கூரையோடு இறங்கியது. படகின் கூரை அகலம், வேகம் குறைவு. ஆகவே வெயிலே அதை ஓட்டவும் செய்கிறது. சாலை வண்டிக்கு அந்த வசதி கிடையாது. 2021-இல் கேரளம் ‘கேரவன் கேரளா’ கொள்கையை அறிவித்தபோது, கேரவனோடு கேரவன் பார்க்குகளையும் சேர்த்தே திட்டமிட்டது. ஏ.சி.-யோடு தங்குபவருக்கு நின்ற இடத்தில் மின்சாரக் கம்பி வந்தாக வேண்டும்.

ஆர்.டி.ஓ. பக்கம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.-யில் பதிவான விவரம் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் இறுக்கிச் சொன்னது. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரநிலை உண்டு; அதன்படி சான்று பெற்ற வண்டியை வாங்குபவருக்குத் தலைவலி குறைவு. சொந்த வண்டியைத் தானே மாற்றுபவர், கூரையைத் துளைக்காமல், கழற்றிவிடக்கூடிய கேரியரில் பேனலைப் பூட்டிக்கொள்வது நல்லது. துளையே இல்லாவிட்டால் மழைக்கு ஒழுகுமோ என்ற கவலையும் இல்லை. ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் காற்று பேனலின் அடியில் புகுந்து மேலே தூக்கப் பார்க்கும் என்பதால், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் போல்ட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

மழைக்காலம் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் எல்லோரும் கடைசியாகக் கேட்பது. ஜூன் முதல் செப்டம்பர்வரை பெங்களூர் வானம் பெரும்பாலும் சாம்பல் பூசிக் கிடக்கும். மூடிய வானத்தில் 100 வாட் பேனல் 15, 20 வாட்டுக்கு இறங்கிவிடும். நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு மணி நேர முழுவெயில் தேறினால் அதிகம், பேட்டரிக்குள் போவது ஆறு ஆம்பியர்-மணி. ஃபிரிட்ஜும் விசிறியும் ஓடும் பயணத்துக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. வாசலில் நிற்கும் வண்டி கேட்பதோ 0.72. ஆகஸ்ட் 18 அன்று மேகம் விலகாமல், நிழலைத் தேடி வந்த பிள்ளைகள் ஏமாந்து வகுப்புக்குத் திரும்பும் மதியத்திலும், தெருவோரம் சும்மா நிற்கும் கேரவனின் கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், பக்கத்தில் 13.6.